குறைகாணாமைக் கண்காணிப்புக் குழு

பிறரைக் குறை காணாதிருங்கள் என்று பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார். பிரசங்கம் சுமாராக இருந்திருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. நன்றாக இருந்துவிட்டது, அதுதான் வினை. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் இது யாருக்குச் சரியாகப் பொருந்தும் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது இருபது முப்பது பேராவது பாஸ்டரின் காதருகே குனிந்து, ரொம்ப அவசியமான செய்தி, ஆனால் கேட்க வேண்டிய ஆள்தான் இன்றைக்கு வரவில்லை என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள். பாஸ்டருக்கு இளவயது. அந்தச் சபைக்கு வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. எல்லாருக்கும் தலையை ஆட்டிவைத்தார்.

செயலாளர் தலையாட்டுகிற ஜாதி இல்லை. தேர்வுத் துறையில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வித்தாள் கட்டுகளுக்கு அரக்கு வைத்தே பழகிய கை, எதையும் கட்டி முத்திரை குத்தினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஒரு நல்ல பிரசங்கம் இப்படி அவிழ்ந்துபோன கட்டாகக் காற்றில் கிடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. புதன்கிழமைக்குள் குறைகாணாமைக் கண்காணிப்புக் குழு பிறந்துவிட்டது. தலைவர் அவர்தான். உறுப்பினர் பாரம்மா. அந்த அம்மாள் வாயைத் திறந்தாலே "எனக்கு ஒரு பாரம்" என்றுதான் ஆரம்பிப்பார். யாருடைய குடும்ப விவகாரமும் அவர் மனதில் பாரமாக இறங்காமல் இருந்ததில்லை. பாஸ்டரையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஓட்டுரிமை மட்டும் தரவில்லை.

இந்தக் குழுவின் கையில் பல்செட்காரர் எப்படி மாட்டினார் என்பதுதான் கதை.

அவர் பல்செட் செய்கிறவர். பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு அனுப்புவார். பட்டறை அலமாரியில் ஊர்ப்பட்ட தாடைகள் பெயர்ச்சீட்டோடு வரிசையாக இருக்கும். சபையில் பாதிப் பேர் வாயில் இருப்பது அவர் கைவேலைதான். யார் வாயில் எத்தனை சொந்தம், எத்தனை அவருடையது என்பதைக் கட்டிய மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. மனைவி கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டாள்.

அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன் மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டும். முதல் அறிவிப்புக்கு ஐந்து வாரம் இருந்தது. மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அத்தை வந்து உட்கார்ந்தால்தான் அறிவிப்பு. இல்லாவிட்டால் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன் என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிற பெண் இல்லை அவள்.

அத்தை என்றால் பல்செட்காரரின் தங்கை. ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவைக்கு ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் புருஷனை விட்டு வந்தாள். ஏன் வந்தாள் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. காரணத்தைத் தாங்களே ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு அவள் போய் உட்கார்ந்த வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் அந்த வாசலை மிதிக்கவில்லை. இப்போது மகள் போனில் கெஞ்சியதும் அண்ணனிடம் கொடுக்கச் சொன்னாள்.

"வர்றேண்ணே. ஆனா உங்களோடதான் உக்காருவேன். தனியா ஒரு வரிசைல இன்னொரு தடவை என்னால உக்கார முடியாது."

அதற்கென்ன, தாராளமாக என்று சொல்லிவிட்டார் பல்செட்காரர். அப்போது அவருக்குக் குழுவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

குழு படிவத்தில் ஆரம்பித்தது. யாராவது யாரையாவது குறை சொல்லக் கேட்டால் படிவத்தை நிரப்பி, வாசலில் வைத்த பூட்டுப்போட்ட பெட்டியில் போட வேண்டும். குறை சொன்னவரின் பெயர், இடம், நேரம், குறையின் முழு விவரம். குறை சொன்னவரைப் பற்றிக் குறை சொல்வது குறையாகாது என்று அடியில் சின்ன எழுத்தில் ஒரு விளக்கமும் இருந்தது. அந்த ஒரு வரிக்காகச் சபையே செயலாளருக்குக் கடமைப்பட்டிருந்தது. முதல் ஞாயிறு பெட்டியை அசைத்தால் சத்தம் கேட்டது. இரண்டாவது ஞாயிறு படிவம் உள்ளே போகவில்லை, குச்சி வைத்துக் குத்த வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம் ஜெபக் கூட்டம் அமோகமாக வளர்ந்தது. குறையாகச் சொல்லக்கூடாது, சரி. ஜெபக் குறிப்பாகச் சொல்ல யார் தடை? வெள்ளிக்கிழமை பதினோரு பேர் வந்த இடத்தில் எழுபது பேர் வந்தார்கள், நாற்காலி போதவில்லை. எலக்ட்ரீஷியனைக் குடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று பாரம்மா கண்ணை மூடி மன்றாடினார். எந்தக் கடையில், எத்தனை மணிக்கு, யாரோடு என்பதையும் ஆண்டவருக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னார். எலக்ட்ரீஷியன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்.

மூன்றாவது வாரம் பல்செட்காரர் மேல் படிவம் வந்தது. எழுதியவர் செயலாளரே. குற்றம், பார்வை. நாவை அடக்கியவர்கள் கண்ணால் குறை காண ஆரம்பித்திருக்கிறார்கள் என்பது குழுவின் கண்டுபிடிப்பு. விசாரணை சபையின் பின்னறையில், பாட்டுப் புத்தகங்கள் அடுக்கிய மேஜையில் நடந்தது. போன ஞாயிறு நான் சபைச் செய்திகள் வாசிக்கையில் என் வாயையே பார்த்தீரா இல்லையா என்று செயலாளர் கேட்டார். பார்த்தேன் என்றார் பல்செட்காரர். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. எதற்குப் பார்த்தீர் என்று அடுத்த கேள்வி.

"மேல் செட் இடது பக்கம் லேசா தூக்குதுங்க. ஈறு சுருங்கியிருக்கும். ஒரு நாள் பட்டறைக்கு வாங்க, அடியில மெல்லிசா ஒரு பூச்சு குடுத்தா சரியாயிடும்" என்றார் அவர் அக்கறையாக.

செயலாளருக்குச் சொந்தப் பல் இல்லை என்பது பாரம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் கண்ணில் அந்தக் கணமே ஒரு பாரம் இறங்கியதைப் பல்செட்காரர் பார்த்தார். செயலாளர் வாயை மூடிக்கொண்டு, மூடிய வாயாலேயே தீர்ப்பைச் சொன்னார். முதல் எச்சரிக்கை. இனிமேல் பல்செட்காரர் ஆராதனை முடியும்வரை தரையைப் பார்த்துத்தான் பாட வேண்டும். பாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஓட்டுரிமை இல்லை என்று நினைவுபடுத்தினார்கள்.

இதோடு நின்றதா என்றால், இல்லை. எத்தனை எச்சரிக்கை கொடுத்தும் ஜனங்கள் குறை காண்பது குறையவில்லை, பெட்டியில் பூட்டுத்தான் உடைந்தது. செயலாளர் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தார். நாலாவது ஞாயிறு பிரசங்க மேடையில் ஏறி அவர் பேசியதைப் பல்செட்காரர் தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அன்பான சகோதர சகோதரிகளே, நம்ம சபையார் நல்லவங்க. அவங்களா யாரையும் குறை சொல்ல மாட்டாங்க. ஒரு ஆளைப் பாத்தா சொல்ல வேண்டி வருது. அப்போ தப்பு யார் மேல? பாக்கறவங்க மேலயா, பாக்கற மாதிரி இருக்கறவங்க மேலயா? நான் யாரையும் தீர்ப்புச் சொல்லல. இடத்தைத்தான் மாத்தறேன்."

அப்படி வந்ததுதான் அன்பின் பெஞ்சு. கடைசிச் சுவரை ஒட்டி, குடை மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில், ஆறு பேர் உட்காரும் நீளப் பெஞ்சு. குறைகாணத் தூண்டுபவர்கள் அங்கேதான் உட்கார வேண்டும், பின்னால் இருந்தால் யார் கண்ணிலும் படமாட்டார்கள் அல்லவா. எலக்ட்ரீஷியன் போனார். ஞாயிறுகளில் வேலைக்குப் போகிற நர்ஸ் போனாள். வயதுக்கு மீறித் தலைக்குச் சாயம் அடித்த ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர் போனார். பிரசங்கத்தில் குறட்டை விடுகிறவரை இரண்டு பேர் எழுப்பிக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள், அவர் அங்கேயும் தூங்கினார். கதவில் ஒட்டிய பட்டியலில் அடுத்த பெயர் இன்னும் வந்தே சேராத ஒருத்தியுடையது. பல்செட்காரரின் தங்கை, வருகை எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுதியிருந்தது.

பல்செட்காரர் அதைப் படித்தார். செயலாளர் வீட்டுக்கே போய் நின்றார். மகளின் அறிவிப்பு, தங்கையின் நிபந்தனை எல்லாவற்றையும் சொன்னார். செயலாளர் கல்நெஞ்சக்காரர் இல்லை. வழி இருந்தால் விதிக்குள் இருக்கும் என்று குழுவின் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இருந்தது. ஒரு ஆளை இந்தச் சபையில் யாருமே, எப்போதுமே குறை கண்டதில்லை என்றால் அந்த ஆள் தூண்டுபவர் ஆகமாட்டார். முன்வரிசையில் குடும்பத்தோடு உட்காரலாம். "இந்தச் சகோதரியை நான் ஒருபோதும் குறை கண்டதில்லை" என்ற வாக்கியத்தின் கீழே சபை உறுப்பினர் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் செல்லாது.

போச்சுடா என்று நினைத்துக்கொண்டுதான் பல்செட்காரர் அந்தத் தாள்களை வாங்கினார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூறு பேர் பேசியது அவர் காதுபடவே பேசியது. எவன் கையெழுத்துப் போடுவான்?

எல்லாரும் போட்டார்கள். அதுதான் வேடிக்கை. முதல் கையெழுத்து செயலாளர், இரண்டாவது பாரம்மா, மூன்றாவது பல்செட்காரரின் மனைவி. பாரம்மா போடும்போதே தேம்பினார். நானா குறை கண்டேன், மூன்று ஜெபக் குழுக்களில் பெயர் சொல்லி, விவரம் சொல்லி அவளுக்காக அழுதவளாயிற்றே என்றார். சாயம் அடித்த ஆசிரியர் பேனாவை எடுத்துக்கொண்டே, ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆனால் அவள் புருஷன் தங்கமான பையன், கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம் என்றார். ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் போட்டுவிட்டு, அப்போது அவளுக்கு வேறு யாரோடோ பழக்கம் என்று கேள்விப்பட்டோமே, அது உண்மைதானா என்று இவரிடமே விசாரித்தார்கள். அன்று அவள் வரிசையிலிருந்து முதலில் எழுந்துபோன அம்மாள் காப்பி கொடுத்து, மடமடவென்று போட்டுத் தந்தாள். மனைவிக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு நல்ல ஜனங்களை நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்றாள்.

சனிக்கிழமை பிற்பகலுக்குள் இருநூற்றுப் பதினொன்று சேர்ந்துவிட்டது. மிச்சம் ஒன்று, அவருடையது. அதை வாங்கிப்போகச் செயலாளரே பட்டறைக்கு வந்துவிட்டார். மெழுகும் தாடையுமாக இருந்த மேஜையில் ஓர் இடத்தைத் துடைத்துத் தாளை வைத்தார் பல்செட்காரர். மனைவி பக்கத்தில் நின்றாள். மகள் வாசலில் நின்றாள். பேனாவும் கையில் இருந்தது.

அந்த ஒற்றை வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். அன்றைக்கு வரிசை காலியானபோது அவர் முன்வரிசையில் இருந்தார். பின்னால் பெஞ்சுகள் கிறீச்சிடும் சத்தம் நன்றாகக் கேட்டது. மனைவி முழங்கையால் இடித்து, திரும்பாதீங்க என்றாள். அவர் திரும்பவில்லை. பாட்டு எண் எழுதிய பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போய், எங்களுக்கும் தலைகாட்ட முடியவில்லை, பேச்சு அடங்கும்வரை நீ கோயிலுக்கு வராமல் இரு என்று சொன்னவர் அவர்தான். ஊர் சொன்னதெல்லாம் முதுகுக்குப் பின்னால் சொன்னது. முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் கூடப்பிறந்த அண்ணன்.

போடுங்களேன் என்றாள் மனைவி. போட்டால் தங்கை பக்கத்தில் உட்காருவாள், மகள் சிரிப்பாள், எல்லாம் ஒரு நொடியில் சுபம். பொய் சொன்னவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர் இருக்கும்போது இருநூற்றுப் பன்னிரண்டாவதாக ஒருவர் சேர்ந்தால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? தங்கைக்குத் தெரியும். அவள் இந்தத் தாளைப் பார்ப்பாள். அண்ணன் பெயரையும் பார்ப்பாள். பல்செட்காரர் கையெழுத்துக்கான கட்டத்துக்குள் நுணுக்கி எழுதினார். "நான் குறை கண்டேன். வராதே என்று சொன்னேன்."

செயலாளர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"என்னங்க இது? முப்பத்தோரு வருஷத்துல தன்னைத் தானே ஃபெயில் ஆக்கிக்கிட்ட ஆளை நான் பாத்ததில்ல. இந்தப் படிவத்துல உண்மையை எழுதறதுக்குக் கட்டம் கிடையாது. கையெழுத்துக்குத்தான் கட்டம். இப்போ என் கையில குடுத்து என்ன பண்ணிட்டீங்க பாருங்க. சபைல ஒரே ஒருத்தர் குறை கண்டிருக்கார். அந்த ஒருத்தர் நீங்க."

விதிப்படி தங்கைக்கு அன்பின் பெஞ்சு. குறை கண்டதை ஒப்புக்கொண்டவரைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் குறை காணத் தோன்றும் என்பதால் அவருக்கும் அதே பெஞ்சு. மனைவி அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டாள். மகள் மட்டும் வந்து எதிரில் உட்கார்ந்து, அத்தை திரும்பிப் போயிட்டாங்கன்னா என்னப்பா செய்வீங்க என்று கேட்டாள். அவருக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை வேன் வந்து நின்றது. தங்கை இறங்கி, கதவில் ஒட்டிய பட்டியலைப் படித்தாள். தன் பெயருக்குக் கீழே புதிதாக எழுதியிருந்த பெயரையும் படித்தாள். உள்ளே கடைசிச் சுவரோரம், எலக்ட்ரீஷியனுக்கும் குறட்டைக்காரருக்கும் பக்கத்தில், நாலு பேர் பார்க்கத் தலைகுனிந்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து முன்னால் நின்றாள். உட்காரவில்லை.

"எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாங்க?"

"இருநூத்திப் பதினொண்ணு."

"யாருமே ஒண்ணும் சொல்லல?"

"யாருமே சொல்லலையாம்."

"அப்போ அன்னிக்கு என் வரிசைலேர்ந்து எழுந்து போனது யாருண்ணே?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது தெரியல. வராதன்னு சொன்னது நான்தான். அதைத்தான் எழுதினேன். உன்னை முன்னாடி உக்கார வைக்க முடியாமப் போச்சு."

தங்கை தோளிலிருந்து பையை இறக்கினாள்.

"தெரியும். நீ மறந்துட்டியோன்னுதான் பன்னெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். தள்ளி உக்காரு" என்றாள்.

அவர் தள்ளி உட்கார்ந்தார். முன்வரிசையிலிருந்து மகள் எழுந்து, சபை நடுவே நடந்து, அத்தைக்கும் அப்பாவுக்கும் இடையில் புகுந்துகொண்டாள். செயலாளர் ஓடிவந்து, எந்த விதிப்படி நீ பின்னால் வந்தாய், உன் மேல் ஒரு புகாரும் இல்லையே என்றார். அப்படியென்றால் இப்போது ஒன்று எழுதிக்கொள்ளுங்கள் அங்கிள் என்றாள் அவள். அவர் அப்படியே படிவம் எடுத்து நின்றபடி எழுத ஆரம்பித்தார்.

முன்வரிசையில் அந்தக் குடும்பத்தில் மனைவி மட்டும் மிஞ்சினாள். பக்கத்தில் இருந்த இரண்டு குடும்பங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தைத் தேடுகிற மாதிரி எழுந்து பின் வரிசைக்கு நகர்ந்தன. பாஸ்டர் அறிவிப்புத் தாளைப் பிரித்தார், ஆனால் வாசிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக அத்தனை நீளப் பெஞ்சில் அவள் நேராக உட்கார்ந்து பாட்டு எண் பலகையைப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பின்னால் வந்து அன்பின் பெஞ்சுக்கு எதிரில் நின்றாள். ஆறு பேர் பெஞ்சில் ஏழு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் குடைக் கம்பியைப் பார்த்தாள்.

தங்கை மடியிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். குறட்டைக்காரரை எழுப்பி நகரச் சொன்னாள்.

"வாங்கண்ணி, இங்க இடம் இருக்கு" என்றாள்.

அண்ணி உட்கார்ந்த பிறகு பாஸ்டர் பிரசங்க மேடையிலிருந்து இறங்கி, கடைசிப் பெஞ்சுவரை நடந்துவந்து, அங்கே நின்றபடியே அறிவிப்பை வாசித்தார்.